சிவப்புக் கோடு போட்ட தட்டு

"மறுபடியும் செத்துப் போச்சாடி?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த தட்டக்கா கேட்டாள். ஆய்வு மாணவி கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூஞ்சை வெள்ளையாய்ப் படர்ந்திருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று இருந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தில் பூஞ்சைகளுக்குச் சமைத்துப் போடுவது தட்டக்காவின் வேலை. சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் ஊற்றி, ஆறவைத்து அடுக்குவாள். அதனால்தான் அந்தப் பெயர். சாதாரணச் சாப்பாடு என்றால் தட்டின் அடியில் கறுப்புக் கோடு. அமினோ அமிலப் பொடி சேர்த்தது என்றால் சிவப்புக் கோடு.

"என் வீட்ல இருக்கறதுங்க சமையலைக் குறை சொல்லிட்டாவது சாப்பிடும். உன்னோடது ஒரு வார்த்தை சொல்லாம செத்தே போகுது. அப்படி என்ன விஷம் அந்தப் பொடியில?"

மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. "விஷம் இல்லக்கா. எல்லாப் புரதத்துலயும் இருக்கறதுதான். உடம்பு அதைப் படிப்படியா உடைக்கணும். கடைசிப் படிக்கு ஒரு நொதி வேணும். அது வேலை செய்யலேன்னா, பாதி உடைஞ்சது உள்ளேயே தேங்கி விஷமாயிடும். பூஞ்சைக்கும் நமக்கும் அந்த நொதி கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"சரி, அதுக்கு?"

"பூஞ்சையோட மரபணுவை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு மனுஷ ரத்தத்துலேர்ந்து எடுத்ததை வெச்சிருக்கேன். சிவப்புத் தட்டுல பூஞ்சை பிழைச்சா, அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரங்களோட நொதி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"யாரு ரத்தம்?"

"மாதிரிக்கெல்லாம் பேர் ஏதுக்கா? நம்பர்தான்."

அப்போது மாணவியின் ஆய்வை மேற்பார்க்கும் சார் வந்தார். தட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"மூணாவது தடவை. இதுக்கு மேல என்ன பதில் வேணும் உனக்கு? அந்த நொதி உருப்படாதுன்னு எழுதி முடி."

"தட்டுல ஏதாவது தப்பு இருக்கும் சார். இன்னும் ஒரே ஒரு தடவை."

"ஒரு பூசணத்துக்கு இவ்வளவு அழுகையா? சரி, கடைசித் தடவை. அதுவும் செத்துதுன்னா அலமாரியைக் காலி பண்ணிடு."

மத்தியானம் தட்டக்கா கை கழுவப் போனபோது மாணவி தொட்டியருகே நின்றிருந்தாள். மார்பில் கட்டியிருந்த பாலைப் புட்டியில் எடுத்து, தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேறுகால விடுப்பு முடிந்து வந்த நாளிலிருந்து தினமும் நடப்பதுதான்.

"புள்ளைக்கு எடுத்துட்டுப் போகலாமில்ல? இப்படிக் கொட்டுறியே."

"அவளுக்கு ஒத்துக்கலக்கா. அவளுக்குன்னு தனி டப்பா மாவுதான். வீட்டு ஃப்ரிட்ஜ்ல மட்டும் தினம் ஒரு புட்டி எடுத்து வெச்சுட்டு வருவேன்."

"குடிக்காத புள்ளைக்கு எதுக்கு?"

"சும்மா. ஒரு ஆசைக்கு."

குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவள் அழுதாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்து, ஒரு பட்டத்துக்காக இந்தப் பெண் இப்படி உருகிப்போகிறாளே என்று தட்டக்காவுக்கு மனசு ஆறவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு தட்டக்கா இரண்டு குடுவை காய்ச்சினாள். ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் பூஞ்சைக்கு. மரபணுவை எடுத்துவிட்டு, பதிலுக்கு எதுவும் வைக்காத அது எப்படியும் சாக வேண்டியது. அந்தக் குடுவையில் பொடியைப் போட்டாள். மாணவியின் பூஞ்சைக்கான குடுவையில் போடவில்லை. ஆறியதும் எல்லாத் தட்டுகளுக்கும் ஒன்றுபோலச் சிவப்புக் கோடு இழுத்தாள்.

ஒரு பூஞ்சை பிழைத்தால் யார் குடி முழுகிவிடப் போகிறது? யாரும் புரட்டாத தடிப் புத்தகத்தில் ஒரு வரி மாறும். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

சில நாள் கழித்துக் காலையில் கூடமே அதிர்ந்தது.

"அக்கா! இங்க வாங்களேன்!"

மாணவியின் தட்டுகளில் பூஞ்சை புசுபுசுவென்று, பஞ்சு உதறிப் போட்டதுபோல் வளர்ந்திருந்தது. பக்கத்துத் தட்டுகளில் ஒன்றுமில்லை. சார்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அட!" என்றார். "எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

மாணவிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி, பாப்பாவா? ஏன் இப்படி அழறா?" தட்டக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். மனசு லேசாகியிருந்தது.

"வீட்ல அவர், ஃப்ரிட்ஜ்ல வெச்ச என் பாலை வெதுவெதுப்பாக்கிட்டு இருக்கார்க்கா. அதுக்குள்ள பொறுக்கலை அவளுக்கு." கண்ணீரும் சிரிப்புமாகத் தட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லலை. அந்த ரத்தம் என் பொண்ணோடது. அவ நொதி வேலை செய்யலைன்னு சந்தேகப்பட்டு, பால்லயும் அந்தப் புரதம் இருக்கறதால சொட்டுத் தாய்ப்பால்கூடக் குடுக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர்."

தட்டக்கா வாயைத் திறப்பதற்குள் கைப்பேசியில் அழுகை சட்டென்று நின்றது.

"குடிக்கிறாக்கா" என்றாள் அவள்.