பதில் பாட்டு

“இடியோட வீடு இதுதானே? அவனை வெளியே வரச் சொல்லுங்க!”

கதவைத் திறந்த பெண் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். வந்தவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

“நீங்க ரம்பம்தானே? நான் அவரோட வீட்டுக்காரி. உள்ளே வாங்க.” குரல் கம்மிப்போயிருந்தது.

ரம்பம் என்ற பெயரை அவனுக்கு வைத்ததே இடிதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு கார் நிறுத்துமிடத்தில் தகர டிரம்மைத் தட்டிக்கொண்டு இருவரும் ராப்பில் மோதினார்கள். “நீ பாடினா அறுவை, உன் பேரு ரம்பம்!” என்று இடி முழங்க, நின்றிருந்த நாற்பது பேரும் விசிலடித்தார்கள்.

அப்புறம் ராப் எங்கேயோ போய்விட்டது. மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவது ஒரு ரகம், ராகம் போட்டு இழுப்பது ஒரு ரகம், சோப்பு விளம்பரத்தில்கூட ராப். இவர்கள் இரண்டு பேர் மட்டும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டே இருந்தார்கள், இணையத்தில். நேரில் பார்த்து ஆறு வருஷமாகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் இடியும் பாணியை மாற்றினான். முழக்கம் போய், மெஷின் போட்டுக் குரலைத் தடிக்கவைத்த ஒரு கிசுகிசுப்பு வந்தது. “பேரு இடி, பேசுறது ரகசியம்” என்று பதில் பாட்டில் ரம்பம் கிழித்தான்.

லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து ஒற்றை அறைக்குத் திரும்பினால், சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்கு நாதியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வரும் இடியின் திட்டுப் பாட்டில்தான், வீடியோவில் தெரியும் தன் மூக்கையும் கிழிந்த காலரையும் ஒரு ஜீவன் கவனித்திருப்பது தெரியும். மூன்று வாரமாக அதுவும் வரவில்லை.

உள்ளே ஒரே ஒரு நாற்காலி. திறந்த அலமாரியில் துணிகளுக்கு நடுவே மைக் தொங்கியது.

“மூணு வாரமா சத்தத்தையே காணோம். பயந்துட்டானா?” என்று விறைப்பாகக் கேட்டவன், சட்டென்று இறங்கினான். “உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“தொண்டை கட்டிக்கிச்சு. ஒரு மாசம் பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அவ்வளவுதானா!” ரம்பத்துக்குப் போன உயிர் திரும்பியது. “கூப்பிடுங்க. நேர்லயே நாலு திட்டு திட்டிட்டுப் போறேன்.”

அவள் கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டாள்.

“தொண்டை கட்டினது எனக்குங்க. அவர் தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு.”

ரம்பம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

“அப்போ இவ்வளவு நாளா என்னைத் திட்டினது?”

“நான்தான்.”

“ஏங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?”

“நான் திட்டினாத்தானே நீங்க பதில் பாடுவீங்க? அவர் பேரைச் சொல்ல உங்களை விட்டா வேற யாருங்க இருக்கா?”