நரம்பு கொடுத்தவர்

கைக்கட்டைப் பிரித்ததும் தையல்காரர் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். மடங்கியது. கண் கலங்கிவிட்டது.

“கத்தரி பட்டு அறுந்த நரம்புக்குப் பதிலா வேற வச்சீங்களே டாக்டர், அது யாரோடது? அவரைக் கையெடுத்துக் கும்பிடணும்.”

“அவர் இப்ப இல்லையே. மரத்துலயே வாழ்ந்தவர்.”

“மரம் ஏறுறவரா? தவறி விழுந்துட்டாரா? அடப்பாவமே!”

டாக்டர் சிரித்தபடி, அதே கையின் மணிக்கட்டில் இருந்த இன்னொரு தழும்பைக் காட்டினார்.

“உங்க நரம்புதாங்க, தசைநாண்னு சொல்வோம். அன்னிக்கே சொன்னேன், வலியில உங்க காதுல ஏறல. நம்ம முன்னோர் கிளைக்குக் கிளை தாவினப்ப உதவினது. இப்ப அதுக்கு வேலையே இல்ல. சில பேருக்குப் பிறவியிலேயே கிடையாது, ஒரு குறையும் தெரியாது. அதான் எடுத்து விரல்ல வச்சுட்டேன்.”

“கிளை தாவின முன்னோர்னா...”

“அவங்களேதான்.”

வெளியே மனைவி காத்திருந்தாள். உயிரியல் ஆசிரியை. அவள் பரிணாமம் என்று வாயைத் திறந்தாலே, “குரங்கு உனக்கு வேணா தாத்தாவா இருக்கட்டும், எங்க பரம்பரையை இழுக்காதே!” என்று இவர் எகிறுவார்.

“நரம்பு கொடுத்தவர் யாருன்னு கேட்டீங்களா?”

தையல்காரர் வாசல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

“எங்க தாத்தாதான்.”