காவல்காரியின் இரண்டாம் தொழில்

பல முகங்கள் கொண்ட அந்தப் பகடையை உள்ளங்கையில் வைத்தபடி அவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

வராமல் போன ஒருவனுக்குப் பதிலாக அவரை ஆட்டத்தில் சேர்த்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மகளும் அவள் நண்பர்கள் இருவரும். ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்துக்கொரு தொழில். பகடை போட்டுப் போட்டு எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை வளர்க்கிறார்கள். அவருக்கு வாய்த்தது மந்திரவாதி.

வெளிப் பிள்ளைகள், அவர்களுக்கு இவருடைய சொந்தபந்தம் யாரையும் தெரியாது. அந்த நம்பிக்கையில்தான் ஞாயிறுதோறும் வீட்டுக்குள் விட்டிருந்தார்.

மகளின் பாத்திரம் ஒரு காவல்காரி. மாளிகை வாசலில் வாளோடு நிற்பவள். இப்போது அவளுக்குத் திருடனின் தொழிலும் சேர்த்து வேண்டுமாம்.

அவருக்குப் பொறுக்கவில்லை.

"காவல்னா காவல். அவளுக்கு எங்கேருந்து வரும் திருட்டுப் புத்தி? நம்பி வாசல்ல நிறுத்தின குடும்பத்துக்கே இழுக்கு இல்லையா?"

"அங்கிள் கோவப்படறதப் பாத்தா மாளிகையே அவரோடதுதான் போல" என்றாள் ரெஹானா.

சிரிப்பு.

கதையை நடத்தும் ஜெரால்டு கையை உயர்த்தினான். "அங்கிள் கேட்டது சரிதான், சாரு. நம்ம டேபிள் வழக்கம் தெரியும்ல? ரெண்டாவது தொழில் வேணும்னா, மொதத் தொழில் அங்க எப்படிக் கொண்டுபோய் விட்டுச்சுன்னு கதை சொல்லணும். சும்மா குடுக்க மாட்டேன்."

அவர் தலையசைத்தார். தன் சொல் எடுபட்டதில் ஒரு நிறைவு.

"சொல்றேன்ப்பா" என்றாள் மகள்.

தன் முன்னால் நின்ற விரலளவு பொம்மையைப் பார்த்தபடியே சொன்னாள். அந்த மாளிகையில் எல்லாவற்றையும் விடப் பெரிது அதன் பெயர். காவல்காரியும் அந்தப் பெயருக்காகத்தான் வாள் பிடித்தாள். ஒரு நாள் அவளே அதற்குக் கறையாகிப் போனாள். யாரும் துரத்தவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். விருந்தாளி வரும்போது மட்டும் அவள் கண்ணில் படக் கூடாது.

"அவ எதையும் திருடல. இருந்த எடத்துலயே இல்லாம இருக்கப் பழகிட்டா. திருடனுக்கும் அதானே வேணும்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சத்தமில்லாம நடக்கறதுக்கு இனிமே நீ பகடை போட வேணாம்" என்றான் ஜெரால்டு, மெதுவாக.

அவர் கையிலிருந்த பகடையை உருட்டவில்லை. மேசையில் வைத்தார்.

கைபேசி அடித்தது. குடவாசல் சித்தப்பா மகன் தியாகு. அவன் குரல் எப்போதும் போல அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, கீழ லிஃப்ட்டுகிட்ட நிக்கறோம். பொண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்கணும். மெல்பர்ன்ல சாருவும் மாப்பிள்ளையும் நல்லாருக்காங்களா?"

மெல்பர்ன்.

மகள் கணவனை விட்டுத் திரும்பி வந்த மாசியிலிருந்து, கேட்ட உறவினர் எல்லாருக்கும் அவர் சொல்லி வந்த ஊர்.

"வாங்க" என்றார். கைபேசியை வைத்தார்.

அவள் அதற்குள் எழுந்திருந்தாள். நாற்காலியைத் தூக்கி நகர்த்தினாள், தரை கிறீச்சிடவில்லை. கூடத்தில் ஆடும் ஒரு டைல்ஸைத் தாண்டிக் கால் வைத்தாள். பின்னறைக் கதவை லேசாகத் தூக்கிச் சாத்தினாள். கீல் முனகவில்லை.

மணி அடிக்கும்போதெல்லாம் அவர் வாசல் கதவையே பார்த்திருக்கிறார்.

அவள் போவதை இன்றுதான் பார்த்தார்.

மேசையில் காவல்காரி தனியாக நின்றாள். பிள்ளைகள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில், தன் நாற்காலியில், கண்ணை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

லிஃப்ட் மேலே ஏறும் சத்தம் கேட்டது.

எழுந்தார். பால்கனிக்குப் போனார். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மகளின் செருப்பு. வாசலில் கிடந்தால் யாருடையது என்று கேட்பார்கள். அங்கே வைக்கச் சொன்னது அவர்தான்.

வாரில் தூசி படிந்திருந்தது.

பிறர் செருப்பைத் தொட்டறியாத கை. வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தார்.

வாசல் கதவைத் திறந்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தார். ஒன்று கோணலாக விழுந்தது. மறுபடி குனிந்து நேராக்கினார்.

லிஃப்ட் கதவு திறந்தபோது அவர் இன்னும் நிமிர்ந்திருக்கவில்லை.