வலையில தொங்குற புல்லு

“என்னைக் கட்டலப்பா, புல்லைத்தான் வலையில கட்டித் தொங்கவிட்டிருக்காரு”ன்னு குதிரை சொல்லுச்சு.

“உன்னையும் கட்டிப் போட்டுட்டாராண்ணே?”ன்னு கேட்டது பக்கத்து முளையில நின்ன வெள்ளாட்டுக் கிடா. வண்டிக்கார காதர் பாய் முன்னெல்லாம் புல்லைத் தரையில கொட்டுவாரு. குதிரை நல்லதைப் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்தைச் சிதறடிக்கும். அந்த மிச்சத்துலதான் கிடாவுக்கு வயிறு நிறையும். வலை வந்ததுல இருந்து கீழ ஒரு துரும்பு விழல.

“உன் உசரத்துக்கு இது அவமானம்ணே. சின்ன ஓட்டையில வாயை வச்சு எலி மாதிரி கொறிக்கிறியே. நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?”

“மெதுவாத் தின்னா செரிக்குதுடா. வயித்துவலி நின்னுபோச்சு.”

“வலையைக் கடிச்சு எறிஞ்சிருண்ணே. உன் மானத்துக்காகத்தான் சொல்றேன்.”

குதிரை மென்னு முழுங்கிட்டுக் கிடாவைப் பாத்துச்சு. “என் மானம் இருக்கட்டும். உன் விலா எலும்பு ஏன்டா இப்படித் தெரியுது?”

கிடா மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. “எனக்கென்ன, நான் சாப்பிட்டாச்சு.”

அதுக்குள்ள காதர் பாய் வாசல்ல இருந்து கூப்பிட்டாரு. “ராஜா, வாடா, சவாரி வந்திருக்கு.”

குதிரை வலையில இருந்து ஒரு வாய் புல்லை இழுத்துச்சு. மெல்லாமலே அதைக் கிடா முன்னாடி போட்டுட்டு வண்டிக்குப் போச்சு.

“பாரு, சிந்திட்டுப் போறான். பெரிய இடத்துப் பழக்கம் போகுமா”ன்னு சொல்லிக்கிட்டே கிடா தின்னுச்சு.