பின்னாடி என்ன கேட்குது?

"விண்ணு, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?" என்று டேப்பில் சகாயராஜின் குரல் கேட்டதும் நாலாம் வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. விண்ணரசி டீச்சர் வெட்கத்தோடு டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"சிரிச்சது போதும். கேள்விப் பெட்டியில என்ன சீட்டு வந்துச்சு?"

"துபாய் எப்படி இருக்கும்னு, டீச்சர்."

"நானும் பார்த்ததில்ல. அதனால நீங்கதான் கண்டுபிடிக்கணும். சார் பேசுறதை விட்டுடுங்க. பின்னாடி என்ன சத்தம் கேட்குதோ, அதை மட்டும் எழுதுங்க."

இந்த வகுப்பில் டீச்சர் விடை சொல்வதே கிடையாது. கேள்வியும் பிள்ளைகளுடையது, விடைக்கு அலைவதும் பிள்ளைகள்தான். நத்தை எங்கே தூங்கும் என்று பார்க்கப்போய், ஜாஃபர் சாதிக் வாய்க்காலில் விழுந்து எழுந்து வந்தது ஊருக்கே தெரியும்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கேசட்டைத் தன்னோடு உட்கார்ந்து கேட்க டீச்சருக்கு யாராவது வேண்டியிருந்தது. ஏஜென்ட்டை நம்பி, பம்பாய் வழியாகத் துபாய்க்கு என்று கணவன் சகாயராஜ் கிளம்பி மூன்று வருஷம். ஊருக்கு வருகிற யார் கையிலாவது எப்போதாவது ஒரு கேசட் வரும். ரயிலடியை ஒட்டிய வீட்டில் தன்னந்தனியாக அதைப் போட்டுப் போட்டு, அவன் இருமுவதுகூட அவளுக்கு மனப்பாடம்.

டேப் மறுபடி ஓடியது.

"இங்க ரயிலே கிடையாது விண்ணு, எங்க போனாலும் கார்தான். நாம நாகப்பட்டினம் வண்டி பிடிச்சு வேளாங்கண்ணிக்குப் போனதுதான் ஞாபகம் வருது. இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வந்துருவேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் அவள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தாள்.

நோட்டுகள் வந்தன. ஃபேன் சத்தம், டம்ளர் சத்தம், யாரோ கதவைச் சாத்துவது. "பெரிய ஊருதான் டீச்சர், ஹாரன் கேட்குது" என்றான் ஜாஃபர் சாதிக்.

ரயில்வே கேட் கீப்பர் துரைராசுவின் மகள் அம்சம் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. "இன்னொரு தடவை போடுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் போட்டாள். அம்சம் கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணினாள்.

"என்ன அம்சம், ஒண்ணும் கிடைக்கலையா?"

"கிடைச்சிருச்சு டீச்சர். மொதல்ல வெளியிலேருந்து கேட்குதுன்னு நெனச்சேன். ரெண்டு தடவையும் சார் கிறிஸ்துமஸ்னு சொல்றப்பதான் வருது."

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்சத்தின் தோளைத் தட்டினாள்.

"சொல்லு, எது வருது?"

"கூட்ஸ் வண்டி."