ஏற்றத்தில் மட்டும் எரியும் விளக்கு

சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுது. ஆடாம அப்படியே நில்லுங்க" என்றாள் ரௌஷன். சந்தோஷத்தில் குரல் ஒருமாதிரி கிறீச்சிட்டது.

வாசலில் ஓடும் வாய்க்காலின் கரைமேட்டில் காரின் முன் சக்கரங்கள் ஏறி நின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் கணவன் எர்கின் மல்லாந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். பேட்டரியில் அவள் மாட்டிவைத்த மீட்டர் பதினாலு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டுக்கு விழுந்திருந்தது.

"இறக்குங்க."

கார் பின்னால் உருண்டு சமதரைக்கு வந்தது. விளக்கு அணைந்தது. பதினாலு.

"ஏத்துங்க."

எரிந்தது. பன்னிரண்டு.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் விளக்கு; மூன்று மாதமாகத் தண்ணி காட்டுகிறது. டவுனில் மூன்று எலக்ட்ரீஷியன்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் பேட்டரியை மாற்றினார், ஒருவர் பெல்ட்டை மாற்றினார், மூன்றாமவர் டைனமோவையே மாற்றிவிட்டுக் கைகழுவினார். பட்டறையில் நிற்கும்போது மட்டும் வண்டி அப்படி ஒரு சாது. மலைக் கிராமத்துக்குக் கிளம்பினால் பாதி வழியில் விளக்கு எரியும், பேட்டரி இறங்கும், வண்டி நிற்கும். திரும்பி வரும்போது ஒரு கோளாறும் இருக்காது.

மலைக் கிராமத்தில் இருப்பது எர்கினின் அம்மா.

"இந்த வண்டிக்கு எங்கம்மாவைப் பிடிக்கலை. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான்" என்பான் எர்கின்.

அவன் விளையாட்டாகச் சொல்வது அவளுக்குச் சுருக்கென்று குத்தும். இதே காரில்தான் இருபத்தைந்து வருடம் முன்பு அவள் மணப்பெண்ணாக அந்த வாசலில் போய் இறங்கினாள். மருமகள் வந்து இறங்கும்போது மாமியார் மிட்டாயும் காசும் அள்ளி வீச வேண்டும். அதற்கு ஷாஷு என்று பெயர்; ஷாஷு வீசாத வீடு கஜாக் வீடே இல்லை. ரௌஷனுக்கு வீசவில்லை. சர்க்கரை ஆலையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவள், நகத்தில் கிரீஸ் போகாதவள், என் வீட்டுக்கு மருமகளா என்று கிழவி வெறுங்கையோடு வாசலில் நின்றாளாம். முகத்திரைக்குள் இருந்த ரௌஷன் எதையும் பார்க்கவில்லை. நாத்தனார்தான் அன்று இரவே வந்து சொன்னாள், ஒன்று விடாமல்.

நாளை ரௌஷனின் மகன் மணப்பெண்ணோடு வருகிறான். வீட்டுக்குப் பெரியவள் என்ற முறையில் எர்கினின் அம்மாதான் வீச வேண்டும். தன் மருமகளுக்கு ஒரு கையல்ல, இரண்டு கை நிறைய விழ வேண்டும் என்று ரௌஷன் வைராக்கியமாக இருந்தாள். அதற்கு இன்று பொழுது சாய்வதற்குள் கிழவியை அழைத்து வந்தாக வேண்டும். வாடகை வண்டி அனுப்புகிறோம் என்றதற்குக் கிழவி ஒத்துக்கொள்ளவில்லை. "ரௌஷன் வந்த வண்டியே வரட்டும்" என்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் காரை ஒருநாளும் தொட்டுப் பார்த்தவளில்லை. வீம்பு, வேறென்ன.

எர்கினின் போன் அடித்தது. பேசிவிட்டுச் சிரித்தான்.

"அம்மா விடியறதுக்கு முன்னாடியே வெல்வெட் அங்கியை மாட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்தாச்சாம்."

"எதை, மாருல சிவப்பு நூலால வெள்ளிக் காசு தைச்சு, ஒரு பக்கம் எட்டும் ஒரு பக்கம் ஏழுமா இருக்குமே, அதையா? புதுசா ஒண்ணு தைச்சுக்கக்கூடாதா?"

"கேட்டா அந்த ஒரு காசு தொலைஞ்சுபோச்சுங்கிறா. வேற காசு வைக்கவும் விடமாட்டேங்கிறா."

ரௌஷன் அதைக் காதில் வாங்கவில்லை. மனசு இன்ஜினுக்குள் இருந்தது. மேடு ஏறினால் கோளாறு, இறங்கினால் சரி. அப்படியானால் கம்பி அறுந்திருக்கவில்லை. உள்ளே ஏதோ உருள்கிறது. ஏறும்போது பின்னால் உருண்டு எதையோ தொடுகிறது. வசந்தத்தில் எர்கின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லையே. முன் கண்ணாடிக்குக் கீழே இருந்த பள்ளத்திலிருந்து ஏதோ ஒன்று அன்றைக்கு இங்கே விழுந்திருக்கிறது. மூன்று பேர் விட்டதைத் தான் பிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு இன்ஜின்மேல் குனிந்தாள்.

"ஆஃப் பண்ணுங்க."

பேட்டரி ஒயரைக் கழற்றினாள். சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு அடியில் தகரம் ஒரு வாய்க்கால் மாதிரி மடிந்திருந்தது. காந்தம் கட்டிய குச்சியை விட்டுத் துழாவினாள். ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு விரலை நுழைத்தாள். தோல் உரிந்தது. கடைசியில் வட்டமாக, மெல்லியதாக ஏதோ தட்டுப்பட்டது. கவ்வி இழுத்தாள்.

கருத்துப்போன ஒரு தகடு. சட்டைக் கையில் அழுத்தித் தேய்த்தாள்.

வெள்ளி. பழைய காசு. விளிம்பில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. ஓட்டையில் நாலு இழைச் சிவப்பு நூல், ஒரே இழுப்பில் பிய்த்த மாதிரி அறுந்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

"என்ன சிக்கிச்சு?" என்றான் எர்கின் ஜன்னல் வழியாக.

கிழவி வெறுங்கையோடு நின்றாள் என்றுதானே நாத்தனார் சொன்னாள். ஒயரை மாட்டினாள். நட்டு இரண்டு தடவை நழுவியது. வண்டி மேட்டில் நின்றபடியே ஸ்டார்ட் ஆனது. விளக்கு எரியவில்லை. பதினாலு.

எர்கின் ஹாரனை விடாமல் அடித்தான். பக்கத்து வீட்டு வாத்தெல்லாம் வாய்க்காலில் குதித்தது.

ரௌஷன் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சந்தைப் பக்கமா போங்க" என்றாள். "சிவப்பு நூல் ஒரு கண்டு வாங்கணும்."