கிழக்கு லைன்

"அம்மா, மொதல்லயே சொல்லிடறேன். போன் ஸ்பீக்கர்ல இருக்கு. ஊர்க்காரங்க ரெண்டு பேர் பக்கத்துல நிக்கிறாங்க," என்றான் சிமூக்கா.

மறுமுனையில் ஒரு பெண்குரல், "சரிங்க, புரியுது," என்றது.

சோமா நகரத்துத் துணைமின் நிலையம் அது; லைன்களைப் போட்டு நிறுத்துவது சிமூக்காவின் வேலை. மழை பொய்த்து, நாட்டுக்கே மின்சாரம் தரும் கரீபா அணை வற்றியதிலிருந்து நாளில் பாதிக்கு மேல் மின்வெட்டுதான். வேண்டியவர்களுக்கு மட்டும் ரகசியமாக மின்சாரம் விடுகிறார்கள் என்று புரளி கிளம்பி, பக்கத்து ஊரில் ஓர் ஊழியரின் வீட்டையே கொளுத்திவிட்டார்கள். இன்று இங்கேயும் வாசலில் கூட்டம், கையில் கல்லோடு. கண்காணிக்க உள்ளே வந்திருந்த இருவரில் ஒருவன் இரும்புக் கம்பி வைத்திருந்தான்.

"என்ன வேணும், சொல்லுங்கம்மா."

"கிழக்கு லைனை இப்போ நிறுத்தப் போறீங்க. சாயங்காலம் வரைக்கும் மட்டும் விடுங்க. கோழிக்குஞ்சு பொரிக்கிற பண்ணை வெச்சிருக்கேன். இன்னிக்குத்தான் முட்டை உடையுது. இந்தக் குளிர்ல மெஷின் நின்னா ஒண்ணுகூடத் தேறாது."

"ஜெனரேட்டர் ஓடலியா?"

"காலையில ஓடிச்சு. இப்பத்தான் புகைஞ்சு நின்னுடுச்சு."

"கரி அடுப்பு வெச்சுப் பாருங்களேன்."

"புகையில செத்துடுமே. உங்களுக்குத் தெரியாதா?"

கம்பிக்காரன் போன் பக்கம் குனிந்தான். "என் வெல்டிங் பட்டறையை மூடி மாசக்கணக்காச்சு. எனக்கு யாரு கரண்ட் விட்டாங்க?"

"அண்ணே, என்கிட்ட ஆறு பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. போன வருஷம் டிவிக்காரங்க வந்து, நாடு முன்னேறுதுன்னு எங்க பண்ணையைத்தான் படம் பிடிச்சாங்க. இந்தத் தடவை போச்சுன்னா இழுத்து மூட வேண்டியதுதான். கொஞ்சம் கேளுங்க."

போனை மெஷினுக்குள் நீட்டினாள் போலிருக்கிறது. விசிறியின் உறுமலுக்கு நடுவே, ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் சத்தம் அறை முழுக்கப் பரவியது.

கம்பிக்காரன் தரையைப் பார்த்தான். மற்றவன் சிமூக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரமாச்சுல்ல? கை ஏன் இன்னும் சுவிட்சுக்குப் போகல? உனக்கும் அதுல பங்கு ஏதாவது வருதா?"

ஜன்னலில் ஒரு கல் வந்து மோதியது. கண்ணாடி சிதறியது. போன வாரம்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த மேற்பார்வையாளர் கபாசோ, சுவரோரம் ஒதுங்கினார்.

"நிறுத்திடுப்பா," என்றார் அடங்கிய குரலில். "எல்லாரும் உசிரோட வீடு போய்ச் சேரணும்."

"மன்னிச்சிடுங்கம்மா," என்றான் சிமூக்கா. சுவிட்சைக் கீழே இறக்கினான்.

போனில் உறுமல் அடங்கியது. குஞ்சுகளின் சத்தம் மட்டும் அடங்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

"சரி. நேர்மையாத்தான் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே போனார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் கலைந்தது.

கபாசோ ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றிச் சிமூக்காவிடம் கொடுத்தார். அவன் வாங்கினானே தவிர, குடிக்கவில்லை.

"பாவம், அந்தம்மா. மறுபடி கூப்பிட்டா என்கிட்ட குடு, நான் பேசிக்கிறேன்."

"கூப்பிட மாட்டா சார்," என்றான் சிமூக்கா. "நான் வீட்டுக்குப் போனா, பொண்டாட்டியா என்கூடப் பேசுவாளான்னுதான் தெரியல."